தண்ணீர் நனைக்காத படம்

அந்தப் படத்தில் ஓர் ஆறு வரும். ஆனால் அதில் விழுந்த யாரும் நனைய மாட்டார்கள்.

ஒரு பையனும் ஓர் ஆட்டுக்குட்டியும், காணாமல் போன அப்பாவின் படகைத் தேடி ஆற்றோடு போவதுதான் கதை. எங்கோ வெளிநாட்டில் முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே செய்து, தமிழில் டப்பிங் பண்ணி, இரண்டு டிஸ்க்குகளாக விற்றார்கள். பெரிதாக ஓடிய படமில்லை. பையனின் தலைமுடி கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி ஒரே கட்டியாக இருக்கும். சிரித்தால் கன்னம் மட்டும் மேலே ஏறும், கண் அப்படியே நிற்கும். மூன்று தடவை ஆற்றில் விழுவான். மூன்று தடவையும் சட்டை கசங்காமல் எழுந்து வருவான்.

அதை என் மகளுக்குக் காட்டியது நான்தான். காலாண்டு விடுமுறை தொடங்கிய சனிக்கிழமை, கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்டினேன்.

அவளுக்கு ஆறு வயது. எங்களுக்குத் திருமணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்தவள். எனக்கு இப்போது நாற்பத்தொன்பது. அவள் வயதுப் பிள்ளைகளின் அப்பாக்கள் பள்ளி வாசலில் என்னைப் பார்த்து "பேத்தியா சார்?" என்று கேட்பார்கள். அவள் பிறந்த நாளிலிருந்து நான் பயந்துகொண்டேதான் இருக்கிறேன். திராட்சையை நான்காக நறுக்கித்தான் கொடுப்பேன். குளியலறையில் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைக்க விட மாட்டேன். குளித்து முடித்ததும் கவிழ்த்துவிடுவேன். மின்விசிறியின் கீழே அவள் கட்டிலில் நின்று குதித்தால் ஓடிப்போய் விசிறியை நிறுத்துவேன். என் மனைவி இதையெல்லாம் முதலில் கேலி செய்தாள், பிறகு சண்டை போட்டாள், கடைசியில் விட்டுவிட்டாள்.

இப்போது வரும் அனிமேஷன் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவள் தன் அம்மாவின் போனில் பார்ப்பாள். ஒவ்வொரு முடியும் தனித்தனியாக அசைகிறது. பூதம் மூச்சு விட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது. இவ்வளவு நிஜமாக இருந்தால் குழந்தை பயந்துவிடாதா என்று நினைப்பேன். பழைய படங்கள் பத்திரமானவை என்பது என் எண்ணம். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. நான் பள்ளியில் கம்ப்யூட்டர் ஆசிரியர். படித்து முடித்த புதிதில் சிதம்பரம் மேல வீதியில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். அங்கே ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் இருப்பதுபோல ஒரே ஒரு படம் செய்து பார்க்க ஆசைப்பட்டேன். மாலையில் கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் போனால் காலையில் பாதி டம்ளர்தான் வந்திருக்கும். நடுவில் கரண்ட் போனால் அதுவும் இல்லை. ஒரு வாரம் முயன்றும் என் டம்ளரில் இருந்தது தண்ணீராக வரவில்லை, கெட்டியான கண்ணாடியாகவே வந்தது. தண்ணீர், முடி, துணி, தோல் இந்த நான்கும் அப்போதைய கம்ப்யூட்டருக்குப் பெரிய எதிரிகள் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். அந்த நான்கையும் வைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரப் படம் எடுத்தவர்கள் மீது எனக்கு மரியாதை வந்தது.

அன்று படம் ஓடும்போது மகள் என் மடியில் இருந்தாள்.

"ஏம்பா, அவன் தண்ணில வுழுந்தான்ல? தலை ஏன் நனையல?"

"அந்தக் காலத்துக் கம்ப்யூட்டருக்கு நனைக்கத் தெரியாதும்மா."

"ஆட்டுக்குட்டியும் நனையலியே."

"ஆமா. அதையும் நனைக்கத் தெரியாது."

அவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப தண்ணில முழுகவும் மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

முதல் டிஸ்க் பையனும் ஆட்டுக்குட்டியும் அக்கரை போய்ச் சேருவதோடு முடிந்தது. "முடிஞ்சிடுச்சா?" என்றாள். முடிந்துவிட்டது என்று சொன்னேன். அது பொய். இரண்டாவது டிஸ்க்கில் அந்த ஆறு ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய்விடும். சிதம்பரத்தில் முதல் தடவை பார்த்தபோது நானே அழுதிருக்கிறேன். அதைக் குழந்தைக்குக் காட்ட மனம் வரவில்லை. டிஸ்க் காலத்துப் பெற்றோருக்கு இப்படி ஒரு வசதி இருந்தது. என் அக்கா தன் பிள்ளைகளுக்கு எத்தனையோ படங்களைப் பாதியோடு முடித்து வைத்திருக்கிறாள். யாராவது சாகிற படம் என்றால் இரண்டாவது டிஸ்க் பீரோவை விட்டு வெளியே வராது. அந்தப் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனபிறகுதான் அந்தக் கதைகளில் யார் யார் செத்தார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். நானும் அதையே செய்தேன்.

திங்கட்கிழமை குமராட்சிக்குப் போனோம். அங்கிருந்து மினிபஸ்ஸில் கொஞ்ச தூரம் உள்ளே போனால் என் மனைவியின் ஊர். அவள் தம்பி நிலத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கிறான். வீட்டுக்குப் பின்னால் வேலி, வேலியைத் தாண்டி நூறு அடியில் வாய்க்கால். சம்பா நடவு நேரம் என்பதால் கரை தட்டத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போய் இறங்கியதும் நான் முதலில் பார்த்தது அதைத்தான். மகளை வேலியருகே நிறுத்தி, "நான் இல்லாம இதத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது, என்னைக் கேக்காம எங்கயும் போகக் கூடாது" என்று மூன்று தடவை சொல்ல வைத்தேன்.

"அப்பாவக் கேக்காம போவக் கூடாது" என்று அவள் மூன்றாவது தடவை சொன்னபோது, மச்சான் பெண்டாட்டி சமையலறை ஜன்னலிலிருந்து சிரித்தது கேட்டது.

மச்சான் வீட்டில் ஆடு அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. மகளுக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. மறுநாள் காலையிலிருந்து குட்டியின் கழுத்தில் ஒரு துணிக்கயிற்றைக் கட்டி இழுத்துக்கொண்டே திரிந்தாள். குட்டி போன பக்கமெல்லாம் இவள் போனாள்.

பதினொரு மணி இருக்கும். மச்சான் வயலிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டு, தகரக் கொட்டகையின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான்.

"மாமா, எங்க அந்த நனையாத படம்? பாப்பா நேத்துலேர்ந்து ஒரே பேச்சு."

முதல் டிஸ்க்கைப் போனில் ஏற்றி வைத்திருந்தேன். ஆற்றில் விழும் இடத்தைக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தான்.

"என்னா மாமா இது? சோப்பு டப்பாவுக்குக் கண்ணு வச்ச மாதிரி இருக்குது. தலையில என்னா, முடியா ஹெல்மெட்டா?"

"மச்சான், இது எந்தக் காலத்துல எடுத்தது தெரியுமா?"

"எந்தக் காலமா இருந்தா என்னா? கண்ணால இப்பதான பாக்குறோம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த மாதிரிப் பேச்சை நான் பள்ளியில் மாணவர்களிடமும் கேட்டிருக்கிறேன். எதைச் செய்ய முடியாது என்று தெரிந்து, அதற்கேற்ற மாதிரிக் கதையை எழுதினார்கள் என்று சொன்னேன். கூட்டம் காட்ட முடியாது, அதனால் பையன் தனியாகப் போகிறான். முகத்தில் அழுகையைக் கொண்டுவர முடியாது, அதனால் துக்கம் வரும்போது அவன் முதுகைக் காட்டுகிறார்கள். இப்போது எல்லாம் முடியும் என்பதால் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறார்கள். நமக்கு நினைத்துப் பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. இன்றைக்கும் நிற்கிற படம் இது என்றேன்.

"அப்ப எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியலன்னா, வயல ஓட்டாம வுட்டுட்டு, பாருங்க எவ்ளோ அழகா சும்மா கெடக்குதுன்னு சொல்லலாமா?"

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. "இந்த எடத்த மட்டும் பாரு" என்று முப்பது விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். பையன் காற்றில் நிற்கும்போது அவன் நெற்றியில் ஒரே ஒரு முடிக்கற்றை மட்டும் அசையும். அந்த ஒன்றை அசைப்பதற்கு அவர்கள் எத்தனை நாள் பாடுபட்டிருப்பார்கள் என்று விளக்கினேன். நடுவில் மகள் வந்து என் முழங்காலைத் தொட்டு ஏதோ கேட்டாள். கேட்டுவிட்டுப் போய்விட்டாள். மச்சான் அந்த முடியைத் தேடிக்கொண்டிருந்தான். நான் திரையை விரித்துப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆட்டுக்குட்டி வந்தது.

வேலி ஓரமாகக் கத்திக்கொண்டே ஓடி வந்து, தாயாட்டின் கீழே நுழைந்துகொண்டது. கயிறு மண்ணில் இழுபட்டது. குட்டியின் வயிறுவரை நனைந்து, ரோமம் ஒட்டி, தண்ணீர் சொட்டியது.

நானும் மச்சானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். நாற்காலி விழுந்தது. நான் அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. வேலித் தட்டி திறந்திருந்தது. ஓடினேன் என்று சொல்கிறார்கள்; எனக்கு ஓடியது ஞாபகமில்லை. கரையில் நின்றது ஞாபகம் இருக்கிறது. வாய்க்காலில் அவள் இல்லை. பழுப்புத் தண்ணீர் நுரையோடு போய்க்கொண்டிருந்தது. இறங்கு படியில் ஈரமாக ஆட்டின் குளம்புத் தடம். பக்கத்தில் அவளுடைய ஒரு செருப்பு.

நான் குதித்துவிட்டேன். இடுப்புக்கு மேல், மார்பு அளவு தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. கையால் துழாவினேன். சேறுதான் வந்தது. மச்சான் கரையோரம் கிழக்கே ஓடினான். "மாமா, கீழ, கீழ போயிருக்கும்!" என்று கத்தினான். அதே நேரம் வளைவுக்கு அப்பாலிருந்து பெண்கள் கூச்சல் கேட்டது.

நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள். அதில் ஒரு பெண், வயது நாற்பது இருக்கலாம், சேலையைச் சொருகிக்கொண்டு மதகின் பக்கம் இறங்கியிருந்தாள். மதகுக் கம்பியில் ஏதோ மஞ்சளாகத் துணி சிக்கியிருப்பதாக நினைத்தாளாம். கவுனைப் பிடித்து இழுத்தபிறகுதான் உள்ளே பிள்ளை இருப்பது தெரிந்திருக்கிறது.

நான் போய்ச் சேர்ந்தபோது மகளைக் கரையில் கிடத்தியிருந்தார்கள். உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது. யாரோ ஒருவர், "தலைகீழா தூக்கிச் சுத்துங்க, தண்ணி வந்துடும்" என்றார். அந்தப் பெண், "யோவ், சும்மா இருய்யா, புள்ளையா மூட்டையா?" என்று அவரைத் தள்ளிவிட்டு, மகளை ஒருக்களித்துப் போட்டு முதுகில் அறைந்தாள். ஒன்றுமில்லை. மறுபடி அறைந்தாள். வாயைத் திறந்து விரலை விட்டுச் சேற்றை எடுத்தாள். மல்லாத்திப் போட்டு வாயோடு வாய் வைத்து ஊதினாள். நான் பக்கத்தில் முட்டிபோட்டு நின்றேன். என் கை இரண்டும் எதையும் செய்யவில்லை. நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ மகள் இருமினாள். தண்ணீரும் காலையில் தின்ற இட்லியுமாக வந்தது. பிறகு அழுதாள். அப்படி ஒரு மெல்லிய அழுகையை நான் அவளிடம் கேட்டதில்லை.

மனைவி மீன் செதிள் ஒட்டிய கையோடு ஓடி வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. குழந்தையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். அதற்குள் ரோட்டில் மினிபஸ் வந்துவிட்டது. மச்சான் நடு ரோட்டில் நின்று மறித்தான். ஏறியதும் டிரைவர் திரும்பிப் பார்த்து, "யாரும் நடுவுல எறங்க முடியாது, நேரா சிதம்பரம் ஆஸ்பத்திரிதான். சம்மதமா?" என்றார்.

"கேட்டுக்கிட்டு நிக்கிறியே, போ!" என்று ஒரு கிழவர் அதட்டினார்.

வண்டி எங்கும் நிற்கவில்லை. நிறுத்தங்களில் கை காட்டியவர்கள் திட்டினார்கள். மகள் மூச்சு விடும்போது உள்ளே ஏதோ கரகரவென்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தேன். எதிர் சீட்டுப் பெண், "தூங்க வுடாதம்மா, பேசிக்கிட்டே இரு" என்றாள். மனைவி பேசினாள். பள்ளிக்கூடம், டீச்சர், பென்சில் டப்பா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினாள். மகள் பதில் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எவ்ளோ நேரம் தண்ணிக்குள்ள இருந்திருக்கும்?"

யாருக்கும் தெரியவில்லை.

"கூட யாரும் இல்லையா? நீங்க எங்க இருந்தீங்க?"

"பாத்ரூம்ல இருந்தேன் சார்" என்றேன்.

எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். மனைவி பக்கத்தில் நின்றாள். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான்.

மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரலின் அடியில் மேகம் மாதிரி இருந்தது. "தண்ணி உள்ள போன புள்ளைங்க நல்லா இருக்கிற மாதிரியே இருக்கும், திடீர்னு மூச்சுத் திணறும். ரெண்டு நாள் தாண்டணும்" என்றார் டாக்டர். விரலில் மாட்டிய கருவியில் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்று மூன்று, மறுபடி தொண்ணூறு என்று எண் மாறிக்கொண்டே இருந்தது. நான் அந்த எண்ணைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

வருகிறவர்கள் எல்லோரும் எப்படி நடந்தது என்று கேட்டார்கள். நான் படத்தைப் பற்றிச் சொன்னேன். ஒரு படம் பார்த்தாள், அதில் தண்ணீரில் விழுந்தால் நனையாது, ஆட்டுக்குட்டியோடு அக்கரை போவார்கள், அதைப் பார்த்துத்தான் இவளும் போய்விட்டாள் என்றேன். எல்லோருக்கும் அது உடனே பிடிபட்டது. "இந்தப் படத்தையெல்லாம் தடை பண்ணணும் சார்" என்றார் ஒருவர். "போனு கெடுக்குது" என்றார் இன்னொருவர். சொல்லச் சொல்ல எனக்கே அது முழு உண்மையாகத் தெரிந்தது. அந்தப் படம் எடுத்தவர்கள் மேல் கோபம் வந்தது. தண்ணீர் செய்யத் தெரியாவிட்டால் எதற்கு ஆற்றைப் பற்றிப் படம் எடுத்தார்கள்? இரண்டாவது டிஸ்க்கைக் காட்டியிருந்தால் தண்ணீர் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும் என்றும் நினைத்தேன். பயப்படுவாள் என்று பயந்து, பயப்பட வேண்டியதை மறைத்துவிட்டேன். இது என் தப்புதான். ஆனால் அன்பினால் செய்த தப்பு. இப்படியே எனக்குள் ஓடியது.

பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்த ஒரு பெண் குழந்தைக்கு அவள் அம்மா போனில் புதுப் படம் ஒன்று போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். அதில் கடல். அலை சுருண்டு, உள்ளே வெளிச்சம் பச்சையாக ஊடுருவி, உடைந்தபோது ஒவ்வொரு துளியும் தனியாகத் தெரிந்தது. ஒரு பெண் நீரிலிருந்து எழுந்தாள். முடி முகத்தில் ஒட்டியிருந்தது, இமையில் சொட்டு நின்றது. முப்பது வருடமாகக் கம்ப்யூட்டரில் படம் செய்தவர்கள் எதற்கு ஏங்கினார்களோ அது அங்கே இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை. எழுந்து வெளியே போய்க் குழாயடியில் நின்றேன்.

மறுநாள் மத்தியானம் எண் தொண்ணூற்றேழில் நின்றது. ஆக்சிஜனை எடுத்துவிட்டு, பேசவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். மச்சான் இளநீர் வாங்கி வந்திருந்தான். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்தேன். மனைவி அவள் தலையைக் கோதிக்கொண்டே கேட்டாள்.

"ஏண்டி கண்ணு, யார்கிட்டயும் சொல்லாம போவலாமா?"

"சொல்லிட்டுதான் போனேன்."

"யார்கிட்ட?"

"அப்பாகிட்ட. குட்டிய அந்தக் கரைக்குக் கூட்டிட்டுப் போவட்டான்னு கேட்டேன். அப்பா 'ம்'னாரு."

"அப்பாதான் பாத்ரூம்ல இருந்தாரே."

"இல்ல. மாமாகூட போன் பாத்துகிட்டு இருந்தாரு. நான் ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் 'ம்'னாரு."

அவள் குறை சொல்லவில்லை. நான் சொல்லிக்கொடுத்தபடி கேட்டுவிட்டுத்தான் போனாள் என்பதை அம்மாவுக்குப் புரியவைத்தாள், அவ்வளவுதான்.

மனைவி தம்பியைப் பார்த்தாள்.

"அக்கா, நானும் கவனிக்கல..." என்றான்.

"நீ பேசாத."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. இளநீரை ஸ்பூனில் எடுத்து ஊட்ட ஆரம்பித்தாள். நான் அந்த இரண்டு 'ம்'களை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. முழங்காலில் அவள் கை பட்டது மட்டும் வருகிறது.

நான்காம் நாள் முதுநகருக்கு வந்தோம். வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. சண்டை நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவி தேவையானதை மட்டும் பேசினாள். அவள் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு லீவு நீட்டித்தாள். பால் வாங்க முக்குக் கடைக்குப் போனாலும் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு போனாள். "நான் பாத்துக்கறேன்" என்று நான் ஒருமுறை சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "வேணாம்" என்றாள். பன்னிரண்டு வருடம் இருவரும் சேர்ந்து காத்திருந்த பிள்ளை. அந்த ஒரு சொல்லில் அவள் தனியாக அம்மாவாகிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளாகவே சொன்னாள், "அந்தப் படத்த நானும் பாக்கணும். முழுசா."

மகளைத் தூங்கவைத்துவிட்டுப் பார்க்கலாம் என்றேன். "அவளும் பாக்கட்டும்" என்றாள். பழைய கம்ப்யூட்டரில் முதல் டிஸ்க் ஓடியது. பிறகு இரண்டாவதைப் போட்டேன். வெள்ளம் வரும் காட்சிக்கு முன்பே மகளின் கண்ணைப் பொத்தத் தயாராக இருந்தேன்.

வெள்ளம் வந்தது. அது வெள்ளமாகவே இல்லை. நீலப் பாலித்தீன் தாளை அடியிலிருந்து யாரோ கையால் உலுக்குவதுபோல இருந்தது. ஆட்டுக்குட்டி அதன் மேல் பொம்மை மாதிரி நழுவிப் போய், திரையின் ஓரத்தில் மறைந்தது. இருபது வருடங்களுக்கு மேலாக நான் நினைவில் வைத்திருந்த கொடூரமான காட்சி இதுதானா என்று திகைத்தேன். சிதம்பரத்தில் நான் எதைப் பார்த்து அழுதேன்? நினைவு அந்தத் தண்ணீரை வருடா வருடம் நிஜமாக்கிக்கொண்டே வந்திருக்கிறது. டிஸ்க்கில் இருந்த தண்ணீர் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டது. இதைக் காட்டியிருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளை பயந்திருக்காது. இது அவளை எதிலிருந்தும் காப்பாற்றியிருக்காது. நான்கைந்து நாளாக நான் சாய்ந்துகொண்டிருந்த ஒரே காரணமும் அங்கேயே நழுவிவிட்டது.

மகள் திரையருகே போய்ப் பார்த்தாள். பிறகு சொன்னாள், "தண்ணி இப்படி இருக்காதுப்பா."

"எப்படி இருக்கும்?" மனைவிதான் கேட்டாள்.

"உள்ள இருட்டா இருக்கும். கண்ணத் தொறந்து பாத்தேன், என் கையே தெரில. மேல எதுன்னு தெரியாது." சிறிது யோசித்தாள். "அப்பாவக் கூப்ட்டேன். வாய்க்குள்ள மண்ணு போயிடுச்சு."

மனைவி அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படம் ஓடிக்கொண்டிருந்தது. பையன் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நின்றான். நான் மச்சானிடம் அவ்வளவு புகழ்ந்த முதுகு. அழுகையைக் காட்டத் தெரியாததால் காட்டாமல் விட்ட முகம். அது மட்டும் இன்றைக்கும் நிற்கிறது என்று இப்போதும் சொல்வேன். ஆனால் அன்று அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"அன்னிக்கு போன்ல என்னா பாத்துகிட்டு இருந்தீங்க?" என்றாள் மனைவி. "அத காட்டுங்க."

"எதுக்கு இப்ப..."

"காட்டுங்க."

போனை எடுத்து அந்த முப்பது விநாடியை ஓடவிட்டுக் கொடுத்தேன். முழுவதையும் பார்த்தாள். காற்று, நெற்றி, அசையும் ஒற்றை முடிக்கற்றை. அவளுக்கு அது தெரியவில்லை போல. "இதுல என்னா?" என்றாள்.

"அந்த முடி அசையுது" என்றேன்.

அவள் போனைத் தரையில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. "பாத்ரூம்னு சொன்னீங்களே" என்றாள். "நீங்க கவனிக்காம வுட்டத நான் என்னைக்காவது மறந்துடுவேன். நாளைக்கு எனக்கும் அது நடக்கலாம். டாக்டர் கேக்கறாரு, புள்ள சாவக் கெடக்குது, அப்ப பொய் சொல்ல எப்படி வந்துச்சு?"

"நீ என்னை விட்டுடுவியோன்னு பயம்" என்றேன். அதுதான் உண்மை. சொன்னபிறகு அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்கே கேட்டது.

அடுத்த வாரம் செக்கப்புக்குச் சிதம்பரம் போனோம். டாக்டர் புது எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, நெஞ்சு சுத்தமாகிவிட்டது, பள்ளிக்கூடம் அனுப்பலாம் என்றார். நான் மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார். அப்போது அவரிடம், அன்றைக்கு நான் பாத்ரூமில் இல்லை, பக்கத்தில்தான் இருந்தேன், போன் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். அவருக்கு எதற்கென்று புரியவில்லை. "சரி சார், இனிமே பாத்துக்குங்க" என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பஸ் ஸ்டாண்டில் கூட்டம். கடலூர் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. டாக்டர் எழுதிய டானிக் ஆஸ்பத்திரியில் இல்லாததால் எதிரே மருந்துக் கடையில் வாங்க வேண்டும். நான் போகிறேன் என்று கிளம்பினேன்.

"இருங்க. நான் போயிட்டு வரேன்" என்றாள். மகளின் கையைத் தன் கையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தாள். "இங்கயே நில்லுங்க. நவுராதீங்க."

ரோட்டைத் தாண்டும்வரை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு கடைக்குள் போய்விட்டாள். பஸ்கள் பின்னால் எடுத்தன, ஹாரன் அடித்தன. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மகள் ஏதோ கேட்டாள். குனிந்து, அவள் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, திரும்பச் சொல்லு" என்றேன்.

"கை வலிக்குதுப்பா" என்றாள். "கொஞ்சம் லூசா புடி."

கொஞ்சம் தளர்த்தினேன். அவள் மணிக்கட்டில் என் விரல்கள் பதிந்த இடம் வெள்ளையாகத் தெரிந்து, மெல்லச் சிவந்தது.